கார்மினேவுக்குச் சொல்லாதது

12 மார்ச் 2021, வெள்ளி

பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. கார்மினே இன்று பள்ளிப் பஸ்ஸை ஓட்டி முடித்து டிப்போவில் விட்டுவிட்டு வரும்போது கையில் ஒரு கடிதம். பஸ் கம்பெனி கொடுத்தது. பிரிட்டனில் இருக்கும் ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஜூன் முப்பதுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அத்தாட்சி இல்லாவிட்டால் வேலை இல்லை. படித்துவிட்டு நாலாய் மடித்து மேஜைக் காலுக்கு அடியில் செருகினான்.

"கார்மினே, அது முக்கியமான காகிதம்."

"அதான் முக்கியமான இடத்துல வெச்சிருக்கேன் ஜேனிஸ். மேஜை எப்படி ஆடுது பாரு."

சிரித்துவிட்டேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

29 மார்ச்

கடிதம் அங்கேயேதான் இருக்கிறது. மேஜை ஆடவில்லை.

18 ஏப்ரல், ஞாயிறு

வேலிக்கு அந்தப் பக்கம் டெரக் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பக்கத்து வீடு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு கார்மினேவிடம் சொன்னார்:

"உன்னைப் போய் யாருப்பா அனுப்பப் போறா? நாங்க ஓட்டுப் போட்டது உன்னை நெனச்சு இல்ல. மத்தவங்களை."

"மத்தவங்கன்னா யாரு டெரக்? கடுதாசி என் பேருக்குத்தானே வந்திருக்கு?"

டெரக் இயந்திரத்தை மறுபடி ஓட்டினார். கார்மினே உள்ளே வந்து நாற்காலியைக் காலால் தள்ளினான். "பத்தொன்பது வயசுல வந்தேன். இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு நான் சுட்ட செங்கல். நாப்பத்து மூணு வருஷம் கழிச்சு, இங்க இருக்கட்டுமான்னு நான் கேக்கணுமா? எவன் எவன் போட்டான்னு மட்டும் தெரியட்டும். அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டேன், வேறொன்றும் கேட்காதபடி.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் போட்டேன். ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறு என்றுதான் போட்டேன்.

அம்மாவை ஆஸ்பத்திரி நடைபாதையில் பதினோரு மணி நேரம் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்த வருடம் அது. வெளியே வந்தால் ஆஸ்பத்திரிகள் சரியாகும் என்றார்கள். நம்பினேன். நம்பினேனா, இல்லை யார்மேலாவது கோபத்தைக் காட்ட வேண்டியிருந்ததா? அன்று கார்மினேவுக்கு ஓட்டு இல்லை, அவன் இங்கே குடியுரிமை வாங்காமல் இத்தாலியனாகவே இருந்துவிட்டான். நான் கோட்டை மாட்டும்போது கன்னத்தில் முத்தம் கொடுத்து, "எனக்கும் சேர்த்துப் போட்டுட்டு வா" என்றான்.

7 மே

காலை பத்து மணிக்கு வாசல்மணி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறுப்புக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் ஏதோ பட்டியல். "உங்கள் கணவர் இருக்கிறாரா?" என்றார். கார்மினே பின்னால் தோட்டத்தில் பாடிக்கொண்டே தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தான். "அவர் இங்கே இல்லை" என்றேன். பாட்டு எனக்கே கேட்கிறது. அவருக்குக் கேட்காதா?

கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர்.

அவர் போனபின் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொன்பது வருட மனைவி, புருஷனை வீட்டுக்குள் ஒளித்து வைக்கிறேன். யாரிடமிருந்து? நான் கொண்டுவந்ததிடமிருந்து.

2 ஜூன்

மகள் லொரெடானா போன் செய்தாள். அவள் தோழியின் அம்மா, போர்ச்சுகல்காரி, அனுமதி வராததால் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறாராம். "அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு மாத்திரை வேற இருக்கு. ஆஸ்பத்திரிலயும் கேப்பாங்களாம். நீ சொன்னா கேப்பாரு. பேசு."

நான் சொன்னால் கேட்பான். அதுதான் பயம். இதைக் கொண்டுவந்தவளே அவனைப் போய் விண்ணப்பி என்பதா?

23 ஜூன்

அந்த ஓட்டுப் போட்டு இன்றோடு ஐந்து வருடம். தொலைக்காட்சியை அணைத்தே வைத்திருந்தேன். இன்னும் ஏழு நாள்.

27 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

லொரெடானா வந்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பின் போனை நீட்டினாள். "பத்து நிமிஷம்தான் அப்பா. பாஸ்போர்ட்டைக் காட்டணும், மூஞ்சியைக் காட்டணும். அவ்வளவுதான்." இவன் கையைக் கட்டிக்கொண்டான். "மாட்டேன். வந்து பிடிச்சுட்டுப் போகட்டும். இந்த நாற்காலியோட சேர்த்துத் தூக்கட்டும். எவன் ஓட்டுப் போட்டானோ அவனே வந்து தூக்கட்டும்."

"நான்தான்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வாய்.

"என்ன நீதான்?"

"ஓட்டு. நான் போட்டேன் கார்மினே. உன்னை நெனச்சுப் போடல—" சொல்லும்போதே டெரக்கின் குரல் என் வாயிலிருந்து வருவது கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

லொரெடானா, "அம்மா!" என்றாள். அவ்வளவுதான். கார்மினே கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னையே பார்த்தான், தெருவில் வழி கேட்கும் ஒருத்தியைப் பார்ப்பதுபோல. பிறகு மகளிடம் கையை நீட்டினான். "அந்தப் போனைக் குடு."

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தார்கள். முகத்தை வட்டத்துக்குள் வை என்றது போன். கண்ணீரால் அவன் முகம் பளபளத்ததோ என்னவோ, மூன்று முறை ஏற்கவில்லை. நாலாவது முறை ஏற்றது.

28 ஜூன்

லொரெடானாவின் பழைய அறையில் படுத்துக்கொண்டான். விண்ணப்பம் வந்து சேர்ந்ததாக மின்னஞ்சல் வந்ததாம். மகள் சொல்லித்தான் தெரியும்.

15 ஜூலை

காபி போட்டு வைக்கிறேன். குடிக்கிறான். கோப்பையைக் கழுவியும் வைக்கிறான். பேச்சு மட்டும் இல்லை. "மருந்து சாப்பிட்டியா?" என்றால் தலை அசைகிறது. ஏசினால்கூடப் பரவாயில்லப்பா, ஏதாவது சொல்லித் தொலையேன்! வீடு முழுக்க அவன் செருப்புச் சத்தம் மட்டும்.

19 ஆகஸ்ட்

அனுமதி வந்துவிட்டது. நிரந்தரமாக இருக்கலாம். லொரெடானா கேக் கொண்டுவந்தாள். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. இருக்கணுமான்னு நான்தான் யோசிக்கணும்" என்றான் அவளிடம்.

அரசாங்கம் அனுப்பிவிடுமோ என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். அவனே போய்விடலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

9 அக்டோபர்

பள்ளி விடுமுறைக்கு இத்தாலிக்கு, அவன் ஊருக்குப் போகிறானாம். அவன் அண்ணனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. அவன் டிக்கெட் மேஜைமேல் கிடந்தது. போக மட்டும். திரும்பி வர இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

"நானும் வரட்டுமா?"

"உன் இஷ்டம்."

நூறு நாளில் அவன் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம். எனக்கும் போக மட்டும் வாங்கினேன். வேறென்ன வாங்குவது?

23 அக்டோபர், சனி

நேப்பிள்ஸ் விமான நிலையம், பாஸ்போர்ட் சோதனை. இரண்டு வரிசைகள். ஐரோப்பியர்களுக்குச் சின்ன வரிசை, ஆட்களே இல்லை. மற்ற நாட்டவருக்குத் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் போகும் வரிசை. இதற்கு முன் இருவரும் சேர்ந்தே அந்தச் சின்ன வரிசையில் போயிருக்கிறோம். எத்தனை முறை! இன்று நான் நேராகப் போய் நீள வரிசையின் வாலில் நின்றேன். அவன் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தால் காலி இடம் இருக்கும்.

கொஞ்சம் நகர்ந்தபோது பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் நின்றோம். கூண்டுக்குள் இருந்த அதிகாரி இளைஞன். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். எங்கே தங்கப்போகிறீர்கள், எத்தனை நாள், திரும்ப டிக்கெட் எங்கே? கைப்பையைத் திறந்து திறந்து மூடினேன். இங்கே இருக்கட்டுமா என்று கேட்பது இப்படித்தான் இருக்கும் போல.

பின்னாலிருந்து கார்மினே முன்னே வந்தான். அதிகாரி அவன் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து, "ஐயா, உங்க வரிசை இது இல்ல, அது" என்றான்.

"இவ என் மனைவி. எங்க அண்ணன் வீட்டுல தங்குறோம்."

"எத்தனை நாள்?"

எனக்கும் பதில் தெரியாத கேள்வி. நான் கூண்டின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றான் கார்மினே. "திரும்பிப் போற டிக்கெட் இனிமேதான் எடுக்கணும். ரெண்டு."

அதிகாரி முத்திரையைக் குத்தினான்.