காற்றில் காத்திருந்த தங்கத் தட்டு

மார்ச் பதினான்கு. இன்றோடு எனக்கு எழுபத்திரண்டு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன.

அன்பு மகளுக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிறன்று உன் குரலே சொல்லிவிட்டது. ஒன்பதாவது தட்டிலும் மூலக்கூறுகள் தங்கத்தின்மேல் வரிசையாக நிற்க மறுக்கின்றன, மாத முடிவில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். வா, உன் அறையில் அப்பா பழைய நாளிதழ்களைக் குவித்திருக்கிறார், அகற்றச் சொல்கிறேன். அதற்குமுன் ஒன்றைக் கேள். ஒவ்வொரு முறையும் தங்கம் பூசிய தட்டைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு என்னை அழைக்கிறாய். நாற்பது நிமிடம் பேசி முடித்தபின்தான் அதை மூலக்கூறுகள் கலந்த கரைசலில் இறக்குகிறாய். அன்று உன் அப்பா, "அம்மாவும் பொண்ணும் பேசி முடிக்கிறதுக்குள்ள தங்கமே அழுக்காயிடும்" என்றார். எட்டாம் வகுப்போடு வேதியியலுக்கு முழுக்குப் போட்டவர். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்ததுதான், ஆனால் இம்முறை எலி அகப்பட்டது. கழுவிய தங்கம் காற்றிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நிமிடங்களில் வாரிப் பூசிக்கொள்ளும். அந்தப் பிசுக்கைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கவே உன் மூலக்கூறுகளின், தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தகத் தலைகள் தடுமாறும்போது, ஒழுங்கு எங்கிருந்து வரும்?

ஆகவே கழுவிய கையோடு கரைசலில் இறக்கு. பிறகு ஒரு முழு நாள் எட்டிப் பார்க்காதே. குடும்பப் படத்துக்கு நிற்கும் உன் அத்தைமாரைப் போல மூலக்கூறுகள் முதலில் முண்டியடித்து இடம் பிடிக்கும். நிமிர்ந்து அருகருகே அணிவகுப்பது மெதுவாகத்தான் நடக்கும். யாரும் கோலெடுத்து அதட்ட வேண்டியதில்லை. எனக்கு அதன்பின் அழை. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. பத்தாவது தட்டு உனக்குக் கைகொடுக்கும் என்றே நினைக்கிறேன். கொடுக்காவிட்டாலும் நீ நன்றாக இருப்பாய். நன்றாக இரு.

இன்னொன்று. "நீங்க எனக்காக விட்டதை என்னாலயும் முடிக்க முடியலம்மா" என்று அழுதாயே. நீ வயிற்றில் இருந்ததால் என் ஆராய்ச்சியைக் கைவிட்டேன் என்று முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அது பொய். எனக்கும் ஒன்பது தட்டுகள் தோற்றன. பத்தாவதைக் கழுவ எனக்குத் துணிவில்லை, ஆய்வுக்கூடச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். நீ உருவானது அதற்கு மூன்று மாதம் கழித்து.

அம்மா