உங்கள் சாதனை இனி ஆதரிக்கப்படாது

ஜூன் 2, ஞாயிறு

இதெல்லாம் நடக்கும் என்று நான் போன வருஷமே சொல்லிவிட்டேன். யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை, அது அவர்கள் குற்றம். போன் கம்பெனிக்காரன் ஒருநாள் பழைய போன்களையெல்லாம் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவான் என்று இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். இன்று காலை பத்து மணிக்கு நடந்துவிட்டது.

ஞாயிறு பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் வருவாள், மடியில் பேத்தி. நான் போனைக் கண்ணருகே பிடிப்பதால் அங்கே என் நெற்றி மட்டும்தான் தெரியுமாம், மகள் சொல்வாள். பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. போனைத் தொட்டேன். முகம் வரவில்லை, எழுத்து வந்தது. "உங்கள் சாதனை இனி ஆதரிக்கப்படாது."

உடம்பெல்லாம் கொதித்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் என் கையால்தான். என் சாதனையை ஆதரிக்காமல் போக இவன் யார்?

திட்டி முடிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து சகலை குரல் கொடுத்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், டைல்ஸ் கடையில் விற்பனையில் இருக்கிறான், வாயில்லாப் பூச்சி.

"அண்ணே, பாப்பா இங்க வந்துட்டா. வாங்க."

இங்க வந்துட்டாளாம். ஏதோ விமானத்திலிருந்து இறங்கி நேராக அவன் வீட்டுக்குப் பெட்டியோடு வந்த மாதிரி. நான் போகவில்லை. மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

ஜூன் 3, திங்கள்

போன் கடைக்குப் போனேன். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"என் சாதனையைப் பத்தித் தப்பாப் போட்டிருக்கான், கேளுங்க" என்று நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயா, இது சாதனை இல்ல. சாதனம். போனைச் சொல்லுது."

"அது எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

ஆறாம் வகுப்போடு நிறுத்தியதில் இப்படி ஓரிரண்டு எழுத்து சில நேரம் காலை வாரும். போன் நல்ல போன்தான், ஒரு கீறல் கிடையாது, ஆனால் கம்பெனி இந்த மாடலுக்கு அப்டேட்டை நிறுத்திவிட்டதாம். பழைய ஆப் இனி வேலை செய்யாது, புதிய ஆப் இதில் ஏறாது. ஆப் ஆப் என்று கடைசியில் ஆப்பு வைத்துவிட்டான்.

"புதுசு ஒண்ணு பாக்குறீங்களா ஐயா?"

ஓடுகிற குதிரையைச் சுட்டுவிட்டு வேறு குதிரை வாங்க நான் என்ன கிறுக்கனா? வந்துவிட்டேன். தெருவில் கேட்டவர்களிடம், கம்பெனியில் பெரிய ஆளிடம் பேசியிருக்கிறேன், எனக்கென்று தனியாக ஒரு அப்டேட் அனுப்புகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

மகள் சாதாரண அழைப்பில் பேசினாள். பேத்தி காதில் போனை வைத்தாள் போல. மூச்சுச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

போனேன். போகாமல் எப்படி இருப்பது?

சகலை நடுவில், கையில் போன். அவன் மனைவி ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம். எனக்குக் கிடைத்தது சோபாவின் கைப்பிடி. திரையின் மூலையில் என் இடது காது மட்டும் தெரிந்தது. நல்ல காதுதான், ஆனாலும் காது.

"இதுக்கு ஏழு வருஷம் அப்டேட் வருமாம் அண்ணே" என்றான், போனைத் துடைத்துக்கொண்டே.

"போனுக்கு வரும். உனக்கு வருமா?"

மனைவி தொடையில் கிள்ளினாள். சகலை சிரித்தான். அவனுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புதான், அதிலேயே பாதி வயிறு எரிகிறது.

மகள் வந்தாள், பேத்தி வந்தாள். சகலை வழக்கம்போல இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்து சிரித்தான். பேச ஆள் வேண்டுமே, நான் பேசினேன். ஒரு யானை லிஃப்டில் ஏறி ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்ட கதை. தும்பிக்கை வெளியே, வால் உள்ளே. நான்தான் ஒற்றைக் கையால் கதவைத் திறந்து, "கண்ணு, முதல்ல வலது காலை வை" என்று இறக்கிவிட்டேன். (யானை இல்லை, பீரோ. ஐந்து இல்லை, இரண்டாவது மாடி. குழந்தைக்கு பீரோ எதற்கு?)

பேத்தி கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறகு விரலை நீட்டி, "தாத்தா" என்றாள்.

அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாள். என் கண்ணால் பார்த்தேன். யானையை இறக்கியவன் நான், பட்டம் அவனுக்கு.

அவன் வீட்டில் குழந்தை இல்லை. பதினெட்டு வருஷம் டாக்டர், மருந்து, பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். அதனால் என்ன? இருக்கிறவனுடையதை எடுத்துக்கொள்ளலாமா? — எடுத்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது, சும்மா உட்கார்ந்துதானே இருந்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 11, செவ்வாய்

எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் இருபத்திரண்டு வயசு. அதன் கன்ட்ரோல் போர்டு இப்போது யாரும் செய்வதில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா கேட்டார்:

"நல்லாத்தானே ஓடுது? எதுக்கு மாத்தணும்?"

"ஓடுதுங்க. ஆனா இந்த மாடலுக்கு இனிமே..." என்று ஆரம்பித்தேன். இதே வசனத்தை நூறு கட்டடத்தில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பாதியில் நிறுத்தியதில்லை. இன்று கடைக்காரப் பெண்ணின் குரல் மாதிரியே இருந்தது. "நான் இருக்குற வரைக்கும் ஓட்டிக் குடுக்கறேங்க" என்று சொல்லிவிட்டு, பழைய போர்டைக் கழற்றி நாள் முழுக்க ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஏதாவது வரும்.

ஜூன் 12, புதன்

மகள் பேசினாள். நான் ஹலோ சொன்னதும் அந்தப் பக்கம் "தாத்தா" என்று ஒரு கத்தல். எனக்கு நிலை கொள்ளவில்லை. பார், நேரில் பார்க்காமலே கண்டுபிடிக்கிறாள், என் ரத்தம்.

மகள் சிரிக்கிறாள். "அப்பா, ஒரு வேடிக்கை கேளுங்க. உங்க குரல் கேட்டதும் ஓடிப் போய் சித்தப்பா போட்டோவைக் காட்டுறா."

ஞாயிற்றுக்கிழமை திரையில் தெரிந்ததைப் படமாக எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். நடுவில் சகலை.

அதாவது, குழந்தை கணக்கில் தாத்தா ஒருத்தர்தான். குரல் என்னுடையது. மூஞ்சி அவனுடையது.

நான் கூட்டித் தள்ள, அவன் கோலம் போட்டிருக்கிறான். அந்த மூஞ்சிக்கு என் குரலா! கண்ணாடி முன் நின்று பார்த்தேன். மீசையில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அவனுக்கு மீசையே கிடையாது.

ஜூன் 13, வியாழன்

காலையில் மனைவியிடம் கொட்டிவிட்டேன். என்னைத் தவிர எல்லாருக்கும் காலம் ஓடுது, உன் தங்கச்சி புருஷன் என் பேத்தியை அப்டேட் பண்ணிக்கிட்டான், இதெல்லாம் வரும்னு எனக்கு அப்பவே தெரியும் என்று.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பவே தெரியும்னா, பொண்ணு உங்களுக்குத்தானே அந்தப் போனை அனுப்பினா. ஏன் வேண்டாம்னு அவருக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். நிறையவில்லை. நிறையும்வரை அங்கேயே நின்றேன்.

ஆமாம், அவனிடம் இருப்பது எனக்கு வந்த போன். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்பார்கள். யார் சொன்னது?

ஜூன் 16, ஞாயிறு

முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டேன். எந்தக் கால் என்று மனைவி கேட்டாள். இரண்டும் என்றேன்.

பத்தரைக்கு எதிர்வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. அழுகைதான் வந்தது. குழந்தை அழுகை, போன் வழியாக, தெருவைத் தாண்டி.

பதினொன்றுக்கு சகலை வந்து வாசலில் நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அண்ணே, பாப்பா என்னைப் பாத்து 'பேசு, பேசு'ன்னு ஒரே அழுகை. நானும் பேசினேன். இல்ல, இல்லன்னு தலையை ஆட்டுறா. யானைக் கதையைச் சொல்லிப் பாத்தேன்."

"நீயா?"

"பாதியில யானையை எப்படி இறக்குனீங்கன்னு மறந்து போச்சு. எனக்கு எங்க அண்ணே உங்க வாய் வரும்? என்கிட்ட இருக்கறது வெறும் மூஞ்சிதான்."

எனக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. அதைக் காட்டக் கூடாது என்று வாய் கொப்பளிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தான். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது உங்களுக்கு வந்ததுதானே. வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டிருக்கலாம். கைகூடப் போயிற்று. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன். போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுப் போ. அடுத்த வாரம் நான் வரேன். நடுவுல எனக்கு இடம் விடு."

ஜூன் 23, ஞாயிறு

நடுவில் உட்கார்ந்தேன். தலை வாரி, மீசையை ஒதுக்கி, கல்யாண வீட்டுச் சட்டை போட்டு.

பேத்தி என்னைப் பார்த்ததும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரோ புது ஆள். இவ்வளவு கம்பீரமும் வீண். சகலை நகர்ந்து தன் முகத்தை உள்ளே கொண்டுவந்தான். ஒற்றைக் கண் திறந்து அவனைப் பார்த்தாள். அப்போது நான், "கண்ணு, முதல்ல வலது காலை வை" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். அவன் வாயைப் பார்த்தாள், அசையவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் விடாமல் தும்பிக்கையை இழுத்தேன், வாலைத் தள்ளினேன். திரைக்கு வெகு அருகில் வந்து என் மீசையைத் தொட்டாள். அந்தப் பக்கத்திலிருந்துதான், ஆனாலும் எனக்குக் கூசியது.

மகள் கேட்டாள், "இது யாரு?"

சகலையைக் காட்டி, "தாத்தா" என்றாள். என்னைக் காட்டி, கொஞ்சம் யோசித்து, "யானை" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பெயர் பரவாயில்லை. தாத்தா ஊருக்கு ஆயிரம், யானை ஒன்றுதான்.

ஜூன் 24, திங்கள்

ஒரு விஷயம் மட்டும் இதில் திருத்தி எழுத வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும்.

நான் எதையும் முன்னாலேயே சொல்லவில்லை. நேர்மாறாகச் சொன்னேன். போன வருஷம் மகள் "அப்பா, புதுப் போன் அனுப்புறேன், உங்களுது பழசாயிடுச்சு" என்றபோது, என் போன் என் ஆயுசுக்கும் ஓடும் என்று மார்தட்டினேன். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது இதுதான்: "அதை உன் சித்தப்பாவுக்குக் குடு. பாவம், அவனைக் கூப்பிடத்தான் யாரும் இல்ல, கையில ஒரு நல்ல போனாவது இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், அவன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு ஜோடிச் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு உள்ளே வந்து, "என்ன அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றான்.