எட்டிலேயே நின்ற ரத்தம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு எழுது, உன் பெண்டாட்டி சுகமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

அவள் ரத்தம் ஊறக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் எங்கேயோ போடுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதினேனே. ஏழு மாசமாகியும் ரத்தம் எட்டிலேயே நிற்கிறது, பதினொன்றாவது இருக்கணும், இப்படியே போனால் பிரசவம் தாங்காது என்று நர்சம்மா சொன்னதிலிருந்து எனக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை. முதலில் நர்சம்மா மேலேயே சந்தேகம், நேற்றுப் பிறந்த பெண், படம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து கீரை, முட்டை, பருப்பு என்று நாலு பெற்ற எனக்கே பாடம் எடுக்கிறாள். அப்புறம் மாத்திரைமேல். கடைசியில் இவள்மேல். குப்பைக்கூடையைக் கிளறினேன், தலையணை உறையைக்கூட உதறினேன், ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவு கெட்டிக்காரியா என்று சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டத்துக்குக் கூடவே போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தினம் அத்தை கையாலதான் வாங்கி முழுங்குறேன் என்றாள். எதோட குடுக்குறீங்கம்மா என்று நர்சம்மா என்னைக் கேட்டாள். இரும்பு வாடை அடிக்குமே என்று கெட்டியாக டீ போட்டு அதோடு கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். டீ சேர்ந்தால் மாத்திரையின் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணுமாம். அட்டையில டீ டம்ளர் மேல பெருக்கல் குறி போட்டிருக்கே பாட்டி, பாக்கலியா என்று பக்கத்திலிருந்த நம் தெருத் தையல்காரி சிரித்தாள். எங்கே பார்ப்பது, அந்த அட்டையைத்தான் மூன்று மாசமாக டீ டம்ளருக்கு மூடியாக வைத்திருந்தேன்.

அஞ்சாம் வகுப்புப் படிப்பு எதற்கு இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் அட்டையை எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். இப்போது எலுமிச்சைச் சாறோடு கொடுக்கிறேன். நாங்கள் சாப்பிட்ட மிச்சத்தைத்தான் அவள் தின்கிறாள் என்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது, இனி முதல் தட்டு அவளுக்கு என்றேன், அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டார், தூக்கட்டும்.

என் போன கடிதத்தை நம்பிப் போனில் அவளை என்ன திட்டினாயோ, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். கூப்பிட்டு, தப்பு அம்மாவுடையது என்று சொல். எனக்கு நேரில் வாய் வரவில்லை. இருபதாம் தேதி மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள், மறக்காமல் கேள். நீயும் அவளும் வயிற்றிலிருப்பதும் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இதைத் தபாலில் போட அவளிடம்தான் கொடுக்கிறேன். உறையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
பிறக்கப்போவதையும் சேர்த்து மூன்று பேரப்பிள்ளைகளின் பாட்டி,
உன் அம்மா