யாரிடம் சொல்லச் சொன்னீர்களோ அவர்களிடம்

நேற்றுக் காலை சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தேன். பெரியவளைச் சேர்த்தபோது என் வீட்டுக்காரர் போனார். இந்தத் தடவை அவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. பெயரையும் வயதையும் எழுதிக்கொண்ட வாத்தியார், "அம்மை குத்தியிருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினான். புளியங்கொட்டை அகலத்துக்கு இரண்டு தழும்பு. வாத்தியார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா விழுந்திருக்கு. அந்த வருசம் இந்தப் பக்கம் எம்புட்டுப் பிள்ளைக போச்சு! பொறுப்பான தாயாரும்மா நீங்க" என்றார்.

அந்தப் பாராட்டு உங்களுடையது. நீங்கள் காலமாகி நாலு மாதம் ஆகிறது என்று விளாங்குடியிலிருந்து கீரை கொண்டுவருகிறவள் போன வாரம்தான் சொன்னாள். பாராட்டை வாங்கிக்கொண்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று இப்போதும் தெரியவில்லை. எங்கள் வளவில் ஏழு குடித்தனக்காரர்களும் உங்களை "ஆயா" என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட உங்களுக்கு ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். நேரில் ஒருநாளும் நான் உங்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. இந்த மடலில்தான் "நீங்கள்" என்று எழுதுகிறேன்.

எழுமலையிலிருந்து நாங்கள் ஆரப்பாளையத்துக்குக் குடிவந்தபோது பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் கைப்பிள்ளை. ஊரில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் யார் வீட்டுக்கு ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதுகூடத் தெரியாது. அவர் மில் சங்குச் சத்தம் கேட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வந்த பத்தாம் நாள் சின்னவன் குடித்த பாலையெல்லாம் கக்க ஆரம்பித்தான். மூன்று நாள் அப்படியே போயிற்று. வளவு வாசலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் தெருவோடு போன நீங்கள் நின்றீர்கள்.

"ஏந்தாயி அழுகுறீக? பாலு யாரு ஊத்துறா?"

சொன்னேன்.

"அவங்கிட்டயா வாங்குறீக? அதுல முக்காவாசி குழாத்தண்ணி. ஆனையூர்க்காரர் ஒருத்தரு மாட்டப் பத்திட்டு வந்து வாசல்லயே கறந்து குடுப்பாரு, நான் வரச் சொல்லுறேன். இப்ப எந்திரிங்க. எங்க டாக்டரம்மா இருக்காக."

தெருமுனைப் பிரசவ விடுதியில் ஆயா வேலை உங்களுக்கு. சின்னவனை நீங்களே தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். "எழுமலைப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. நானும் அங்கிட்டுத்தான்" என்றீர்கள். ஊரில் எந்தத் தெரு என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த முறை வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, செம்பை உயரப் பிடித்து உங்கள் கையில் ஊற்றினேன். நீங்கள் குனிந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். என் பிள்ளையை உங்கள் தோளில் போடுவதற்கு மட்டும் எனக்குத் தீட்டு குறுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த நகரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் உங்களிடமிருந்து வந்தது. குழாயடிக்கு எந்த நேரத்தில் போனால் சண்டை இருக்காது, எந்த நாட்டு மருந்துக்கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட மாட்டார், டாக்டரம்மா கைப்பிள்ளைகளை மட்டும் பார்க்கும் கிழமை எது, எல்லாம். யுத்தக் காலம் அது. மண்ணெண்ணெய்க்கு வெயிலில் வரிசை நிற்கும். ஒருநாள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நான் நின்றதைப் பார்த்து, வரிசையைத் தாண்டிப் போய்க் கடைக்காரரிடம் சத்தம் போட்டீர்கள்.

"ஏண்ணே, கைப்புள்ளக்காரிய இந்த வெயில்ல நிக்க வைக்கிறீகளே, புள்ள சுருண்டு விழுந்தா நீங்களா பாப்பீக?"

நாலு பேர் உங்களைத் திட்டினார்கள். நீங்கள் காதில் வாங்கவில்லை. எனக்கு எண்ணெய் கிடைத்தது.

அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வரும்போதெல்லாம் வளவில் எல்லோரும் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம். நானும் அப்படித்தான். உடம்பில் அம்மையை ஏற்றினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். நீங்கள் ஒரு மாதம் விடாமல் என்னிடமும் பக்கத்து வீட்டுப் பேச்சியிடமும் பேசினீர்கள். பேச்சிக்கு மூன்று வயதில் ஒரே மகள், செல்லம். எங்கள் வீட்டு வாசலிலும் அவர்கள் வீட்டு வாசலிலும் மாறி மாறிக் கிடக்கும் பிள்ளை.

"எங்க விடுதிக்குத் தூக்கிட்டு வந்த புள்ளைகளப் பாத்திருக்கேன் தாயி. கண்ணு போனது, மூச்சே போனது. ஆத்தா கோவிச்சா என்னியக் கோவிக்கட்டும். நீங்க புள்ளையக் கூட்டியாங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை நான் சம்மதித்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, என் கால்களாலேயே நடந்து, அம்மை குத்துகிறவர் வந்திருந்த அடுத்த தெருவுக்கு உங்கள் கூட வந்தேன். குத்தும்போது சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டது நான். அதற்கு முந்தின வாரமே பேச்சி, "நீ மொதல்ல குத்திட்டு வந்தா, ஒன் புள்ளைகளுக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டு அடுத்த செவ்வாக்கெழம நானும் வாரேங்க்கா" என்று சொல்லியிருந்தாள்.

எட்டாம் நாள் சின்னவனுக்குக் கை வீங்கி, காய்ச்சல் கண்டது. அது அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கென்று பார்த்து அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கினார். பேரனைத் தூக்கியவர் கையைப் பார்த்துவிட்டார்.

"யாருடி இந்த வேலையப் பாத்தது? எங்குலத்துக்கே இருக்கது ஒத்த ஆம்பளப்புள்ள. இவனுக்கு ஒண்ணுன்னா நீ ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புள்ளைகள நான் ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்."

வளவே கூடிவிட்டது. அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். நான் கையை நீட்டினேன்.

"நான் குழாயடிக்குப் போயிருந்தப்ப இவதான் அத்தை எங்கிட்டச் சொல்லாம ரெண்டு புள்ளைகளையும் தூக்கிட்டுப் போயிட்டா."

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கவே இல்லை. அத்தை உங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீ இன்னாரு மக தானடி?" என்று ஊரில் உங்கள் அப்பாவைக் கூப்பிடும் விதத்தில் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மறுத்துச் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்தது. பேச்சிக்கு உண்மை தெரிந்திருக்கலாம் என்று பயந்தேன்; ஆனால் செவ்வாய்க்கிழமை நான் கிளம்பியபோது அவள் பார்க்கவில்லை, கை ஆறின பிறகு சொல்லலாம் என்று நானும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா தாயி. நாந்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றீர்கள்.

வளவு ஆண்கள் மூன்று பேர் விடுதிக்குப் போய், ஆயா பிள்ளைகளைத் தாய்க்குத் தெரியாமல் தூக்கிப்போகிறாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். நான் அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அந்த வாரமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பேச்சி தன் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, "ஆத்தாடி, நல்லவேளை! எம்புள்ளையையும்ல தூக்கிட்டுப் போயிருப்பா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் அம்மை வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை. வளவில் நாலு பிள்ளைகளுக்கு வார்த்தது. மூன்று பேர் பிழைத்தார்கள். செல்லம் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். என் பிள்ளைகள் இருவரும் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். நோய்க்குப் பயந்து அல்ல. பேச்சியின் கண்ணில் அவர்கள் படக்கூடாது என்று.

ஆடி மாதம் விசாரித்துக்கொண்டு விளாங்குடிக்கு வந்தேன். நீங்கள் அங்கே நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். முழங்கால் வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்து, முதலில் கேட்டது என் பிள்ளைகளைப் பற்றித்தான். பிறகு, "அந்தச் சின்னது, செல்லம்?" என்றீர்கள்.

சொன்னேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் உங்கள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டீர்கள்.

"ஒங்கள ஆத்தா வீட்டுக்குத் தாட்டி விட்டுருவாக, புள்ளைக தாயில்லாமப் போயிரும்னு நெனச்சுத்தான் ஆமான்னேன். இந்தப் புள்ளைய நெனைக்கலையே நானு. ரெண்டு பேரும் சேந்து சொன்ன பொய்யி தாயி அது."

"என்னிய மன்னிச்சிரு" என்றேன். அப்போதும் "மன்னிச்சிருங்க" என்று வரவில்லை எனக்கு.

உங்கள் முகம் மாறியது. நான் பார்த்திராத கோபம். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் நடந்தது தெரியுமே. அன்னைக்கு அங்கன நின்னாகள்ல, அவுககிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, அப்பறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினீர்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிவிடுவேன் என்றே நினைத்தேன். வளவுக்குள் நுழைந்ததும் பேச்சி, "எங்கக்கா போயிட்ட? ஒன் மக பசிக்குதுன்னா, சோறு போட்டுட்டேன்" என்றாள். நான் சொல்லவில்லை. அன்று மட்டுமா? நாலு வருசம். அவளுக்கு அப்புறம் பிள்ளையே தங்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவாள். திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப்போவாள். சொன்னால் அவளை இழப்பேன் என்ற பயத்தில், நீங்கள் வேலை போய்ச் சேற்றில் நிற்பதை நான் மறந்திருக்கப் பழகிக்கொண்டேன். சொல்லிவிட்டு வரலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அத்தையை முற்றத்துக்குக் கூப்பிட்டேன். இப்போது அவர் எங்களோடுதான் இருக்கிறார். பேச்சி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு குடித்தனக்காரிகள் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். செவ்வாய்க்கிழமை நானே நடந்து போனதையும், கையைப் பிடித்துக்கொண்டதையும், குழாயடி என்று சொன்னதையும்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"ஆமான்னு சொன்னப்ப அவ எம் மொகத்தப் பாக்கல, ஒன் மொகத்தப் பாத்தா. எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் அத்தை பேசாம இருந்தீக?"

"நீ எம் மருமக. அவ யாரு?" என்றார். கொஞ்சம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "அப்படித்தான் அன்னைக்கு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பேச்சி அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு நீ நெசத்தச் சொல்லிருந்தா, அடுத்த செவ்வாக்கெழம நான் எம்புள்ளையத் தூக்கிட்டுப் போயிருப்பேன்லக்கா?"

இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது, நீயும் பயந்திருப்பாய் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. அதைச் சொல்லிவிடத்தான் வாய் வந்தது.

"போயிருப்ப பேச்சி" என்றேன். "செல்லம் இருந்திருப்பா."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை நான் தண்ணீர் எடுத்து முடிக்கும் வரை அவள் குழாயடிக்கு வரவில்லை. சின்னவன் அவள் கதவைத் தட்டி, "சித்தி, நான் பள்ளிக்கூடம் போறேன்" என்று கத்தினான். கதவு திறக்கவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "சித்திக்கு என்னம்மா?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் வயதாகட்டும் என்று தள்ளிப்போட எனக்குப் பழக்கம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து, அவனுக்குப் புரிகிற அளவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.