கரடி தானாகப் பாயவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போர்வை போதவில்லை என்று வக்கீல் சொன்னார். இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கழித்துப் போட்டவைதான், ஆனால் கொதிநீரில் இரண்டு முறை வெளுத்தவை. இந்தக் கடிதத்தையும் ஒட்டி அவர் கையில்தான் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கரடி நன்றாகச் சாப்பிடுகிறான். நீ உள்ளே போன முதல் வாரம் கிண்ணத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது காலையில் ஒரு பங்கு, மாலையில் ஒரு பங்கு. ஒரேயடியாகத் தின்றால் ராட்வைலர் நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. தின்றதும் ஒரு மணி நேரம் ஓட விடுவதில்லை. அவன் ஐம்பத்திரண்டு கிலோ, நான் நாற்பத்தெட்டு. காலையில் நடக்கக் கிளம்பினால், யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று பால்காரர் கேட்கிறார்.

நாய் என்றாலே எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். முதல் மாதம் ஒரு கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சோறு வைத்தேன். இப்போது நான் பாத்திரம் கழுவினால் பின்னால் வந்து முழு பாரத்தையும் என் காலில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். தள்ளிவிட்டால் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி ஒரு பெருமூச்சு. தோலில் ஒரு புண் வந்து, மருந்து போட்டு ஆறிவிட்டது. நகம் வெட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சொல்ல வந்தது இதுவல்ல. போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலை இடம் மாற்ற என்னோடு வேலை செய்கிற சிநேகிதியைக் கூப்பிட்டிருந்தேன். வெளியாள் வந்தால் வாய்ப்பூட்டு போட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. போட்டிருந்தேன். கரடி மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவளிடம், "அந்த முனையைப் பிடி" என்றேன். அவ்வளவுதான். எழுந்தது தெரியவில்லை, குரைக்கவும் இல்லை. அவள் கீழே கிடந்தாள், அவன் அவள் மார்மேல் நின்றான். வாய்ப்பூட்டோடு அவள் வலது கையைத் தேடி முட்டினான். "விடு விடு" என்று கத்தினேன். உடனே இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். தட்டிக்கொடுப்பேன் என்று காத்திருந்தான், தம்பி.

மீட்டர் பார்க்க வந்தவர் வாலை மிதித்தபோது நகர்ந்து படுத்தவன் அவன். பக்கத்துத் தெரு நாய் காதைக் கிழித்தபோதும் பேசாமல் என் பின்னால் வந்து நின்றான். அன்று அறுத்துக்கொண்டு பாய்ந்தான் என்று நீ கோர்ட்டில் சொன்ன சங்கிலியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எந்தக் கண்ணியும் அறுபடவில்லை.

எதிர்வீட்டு சலூன்காரர் கோர்ட்டில் சொன்னது நினைவிருக்கிறதா? நாய் குரைக்கிறது என்று தான் புகார் கொடுத்த ஆத்திரத்தில் நீ "பிடி" என்று ஏவியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். அவ்வளவு வண்டிச் சத்தத்தில் எப்படிக் கேட்டது என்று நம் வக்கீல் மடக்கினார். சிலர் சிரித்தார்கள். நானும் சாட்சிக் கூண்டில் ஏறி, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று சொன்னேன். கரடி கடித்து மூன்று விரல் போன வலது கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நகராட்சி மிருக வைத்தியர் வருகிறார். தானாகப் பாய்கிற நாய் என்பதால்தான் கரடியை ஊசி போட்டுக் கொல்லச் சொல்லி கோர்ட் உத்தரவு. ஏவிவிட்டதால் பாய்ந்தது என்று தெரிந்தால் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்புவார்களாம், கொல்ல மாட்டார்களாம். ஆனால் கவனக்குறைவு என்று உனக்குக் கிடைத்த ஆறு மாதம் அப்புறம் ஆறு மாதமாக இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். அதனால் உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நினைத்தது தப்பு என்றாவது ஒரு வரி எழுது. காத்திருக்கிறேன்.

உன் அக்கா


தம்பிக்கு,

நீ எழுதவில்லை. "அக்காவை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க" என்று நீ சொன்னதாக வக்கீல் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தியர் ஓர் உதவியாளரோடு வந்தார். நல்ல மனிதர். பெட்டியைத் திறக்கும் முன், "இவன் யார்மேலயாவது தானா பாய்ஞ்சிருக்கானாம்மா? பாத்தா அப்படித் தெரியலியே" என்று கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். கட்டிலை நகர்த்தியதை மட்டும் சொல்லியிருந்தாலே போதும், அவர் திரும்பிப் போயிருப்பார். "பாய்ஞ்சிருக்கான் சார். அதான் ஊருக்கே தெரியுமே" என்றேன். உன் முகம்தான் கண்முன் நின்றது. ஆறு வயதில் காய்ச்சலோடு என் மடியில் படுத்திருந்த முகம்.

வாய்ப்பூட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். சட்டப்படி கூடாது என்றார், பிறகு அவரே கழற்றினார். "உட்காரு" என்றேன், உட்கார்ந்தான். "கை கொடு" என்றேன், முன்னங்காலை வைத்தியர் கையில் வைத்தான். ஊசி ஏறும்போது, நகம் வெட்டும்போது திருப்புகிற மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் என் காலில் சாய்ந்தான். எப்போதும் சாய்வதுதானே என்று நின்றேன். பாரம் கூடிக்கொண்டே போனது. என்னால் நிற்க முடியவில்லை, அவனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தூக்க ஆள் போதவில்லை. பால்காரரையும் கூப்பிட்டு, ஒரு பழைய படுக்கை விரிப்பில் வைத்து நாலு பேருமாக வண்டிக்குக் கொண்டுபோனோம். சலூன்காரர் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். இப்போது கடையை மூடிவிட்டார். கத்தரிக்கோலில் கை நிற்கவில்லையாம். வண்டி போன பிறகு தெருவைக் கடந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கு நான் சொன்னதை நம்பியிருந்தா இது பொழைச்சிருக்கும்லம்மா" என்றார். என் பதிலுக்கு நின்று பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அவன் கிண்ணத்தை இன்னும் கழுவவில்லை. பாத்திரம் கழுவும்போது காலை அகட்டி நிற்கிற பழக்கமும் போகவில்லை. உன்மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. நீ ஒரு வார்த்தை சொன்னாய், நான் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன். எது பெரிது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நீ வெளியே வர இன்னும் பதினோரு வாரம். வா. குளிக்க வெந்நீர் வைக்கிறேன், வயிறாரச் சாப்பிடு, ஒரு நாள் முழுக்கத் தூங்கு. அதுவரை நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மறுநாள் காலையில் இரண்டு பேருமாக எதிர்வீட்டுக்குப் போவோம். நீயே பேசு. அப்புறம் போலீசோ, கோர்ட்டோ, அவர் எங்கே போனாலும் போகட்டும். நான் உன்னோடு வருகிறேன். நீ பேசாவிட்டால் நான் பேசுவேன், ஆனால் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ எனக்குப் பிள்ளை மாதிரி. நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும்.

அக்கா