குடிநீர்க் குழாயில் நிரப்பிய பாட்டில்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும். போனில் பேசலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேங்க்கா" என்று வைத்துவிடுகிறாய்.

எங்கள் கழிவுநீர் நிலையத்தில் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் இரண்டும் படுத்து நாலு மாதம் ஆகிறது. காற்று இல்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துப்போகும் என்று எங்கள் தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிற உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ச் சாக்கடை இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் அப்படியே ஆற்றில் விழுகிறது. நான் ஆபரேட்டர் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன்.

புது மோட்டார் கேட்டு ஏழு மனு கொடுத்தேன். போன வாரம் நகராட்சிப் பொறியாளர் கூப்பிட்டு, இரண்டு வருடமாக நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கைகளை என் முன்னால் போட்டார். "தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்கு, மோட்டார் எதுக்கும்மா?" என்று கேட்கிறார்! மனிதருக்கு வெட்கம் வேண்டாமா? "சோதனைக்கு அனுப்பற பாட்டில குடிநீர்க் குழாயிலயே புடிச்சு அனுப்பிடு" என்று மாதாமாதம் சொன்னவரே அவர்தானே.

நானும் பிடித்து அனுப்பினேன், இல்லையென்று சொல்லவில்லை. மோட்டார் அப்போதே இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. அறிக்கை கெட்டால் வேலை போகும் என்று பயந்தேன். ஆனால் நீ? பாட்டிலைத் திறந்ததும் குளோரின் வாடை அடித்திருக்குமே. குடிக்கிற மாதிரி சாக்கடையை எந்த ஊரிலடா பார்த்தாய்? அக்கா மாட்டிக்கொள்வாள் என்று பேசாமல் இருந்துவிட்டாய். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், மூக்கையுமா அடைக்கும்?

செவ்வாய்க்கிழமை ஆற்றில் விழுகிற குழாயிலேயே பாட்டிலைப் பிடித்தேன். கறுப்புத் தண்ணீர், மேலே நுரை. ஐஸ் பெட்டியில் வைத்து, சீல் போட்டு, அன்றே பஸ் பார்சலில் உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இதுவரை வந்ததெல்லாம் குடிநீர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதமும் அதற்குள் இருக்கிறது. உன்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யாராவது கேட்டால் மட்டும் பொய் சொல்ல மாட்டேன்.

விஷயம் தெரிந்ததும் பொறியாளர் குதிகுதியென்று குதித்தார். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து, "உன் தம்பிகிட்ட பேசிட்டேன், பாத்துக்கறேன்னு சொல்லிட்டான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய்? என் வேலையையா? அது போனால் போகிறது. மேஜையைக் காலி செய்து வைத்துவிட்டேன்.

அம்மா இன்றைக்கும் ஆற்றில்தான் துவைத்துவிட்டு வந்தார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. முழங்கால் வரை கொப்புளம், ராத்திரியெல்லாம் சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது. இதை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் நல்லாருக்கேன்னே எழுதுடி, புள்ள பயந்துடுவான்" என்கிறார். ஒரு வருடமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதவில்லை. அம்மா நன்றாக இல்லையடா.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறதோ, அதை எழுது.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத
அக்கா