உரியவர்: ஆண்டவர்

அன்பும் மதிப்பும் என்றும் மாறாத என்னவருக்கு,

இறையருளால் நானும், இப்புதிய வீடும், இதை எழுதும்போது என் நாற்காலிக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் உங்கள் செல்வனும் நலம். அவன் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள். ஏனெனில் இக்கடிதத்தின் நடுவில் அவன் தொலைந்து போகிறான்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் கோபிப்பீர்கள், இல்லையேல் பாதியில் சிரிப்பீர்கள். எது நேர்ந்தாலும் மீதிப் பாதி என் தொண்டையிலேயே தங்கிவிடும். கடிதத்தை இடைமறிக்க ஒருவராலும் இயலாது.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? துறைமுகத்துக் கிரேன்களின் மேல் ஏறுவதை இளையவர்களிடம் விட்டுவிட்டு, கீழே நின்று கைகாட்டினால் போதாதா? பணி ஓய்வு பெற்ற மெக்கானிக்கைக் கடல்கடந்து அழைத்தவர்கள் அவருடைய அறிவைத்தானே அழைத்தார்கள், முழங்காலை அல்லவே. இங்கே சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மாடி வீட்டு நர்ஸ் பெண் தன் கையாலேயே ஒரு வாஷர் மாற்றிப் பார்த்தாள். முன்னர் மெல்லச் சொட்டியது, இப்போது விரைவாகச் சொட்டுகிறது.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு இருந்தவர் ஒரு நாய்க்குட்டிக்கு ‘நட்டு’ என்று பெயரிட்டதில் வியப்பில்லை. ஆயினும் காலையும் மாலையும் துதிப்பாடல் பாடுகின்ற வாயால் ‘நட்டு, நட்டு’ என்று கூவ மனம் ஒப்பாமல், ஓரெழுத்தை மட்டும் மாற்றி ‘நட்பு’ என்று நான் அழைத்து வந்ததை அறிவீர்கள். அவனும் பெருந்தன்மையோடு இரண்டிற்கும் வாலாட்டி வந்தான்.

நாங்கள் வீடு மாறிய வாரம் நீங்கள் தொலைபேசியில், “அவன் அடையாளத்த மாத்தினியா? புது விலாசம், புது நம்பர் எல்லாம் ஏத்தணும்” என்றீர்கள். “மாத்தியாச்சுங்க” என்றேன். அதில் பொய் இல்லை. அன்று காலைதான் கழுத்துப்பட்டைக்குப் புதிய தகடு செய்து மாட்டியிருந்தேன்.

அத்தகடு உருவான விதத்தைக் கேளுங்கள். தெருமுனையில் இருக்கும் சாவிக்கடைக்காரர்தான் எழுத்தும் பொறித்துத் தருகிறார். “பேரு சொல்லுங்கம்மா” என்றார். “நட்பு” என்றேன். “ஓனரு?” என்றார். அச்சொல் என் செவிக்கு இதமாக இல்லை. “உரியவர்னு போடுங்க” என்றேன். “போட்டாச்சு. உரியவர் யாரு?” என்றார். வேதம் வாசித்து முடித்த கையோடு சென்றிருந்தேன். நமது நமது என்று நாம் பற்றிக்கொள்ளும் எதுவும் நமதன்று என்பதே அன்றைய பகுதி. அந்த நினைவில், “எல்லாத்துக்கும் உரியவர் ஆண்டவர்தானே, ஐயா” என்று பெருமூச்சோடு சொன்னேன். நான் அதைச் சிந்தனையாகச் சொன்னேன், அவர் அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டார். பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து பார்ப்பதற்குள் தகட்டில், ‘நட்பு. உரியவர்: ஆண்டவர்’ என்று பளிச்சென்று பொறித்துவிட்டார்.

அழகாக இருந்தது. அழித்துவிடுங்கள் என்று சொல்ல நா எழவில்லை. “நம்பருக்கு இடம் பத்தலம்மா, வேற தகட்டுல எழுத்தச் சின்னதாக்கிப் போடட்டுமா?” என்று அவர் நல்ல மனத்தோடுதான் கேட்டார். அத்திருப்பெயரைச் சிறிதாக்கி ஒரு தொலைபேசி எண்ணுக்கு இடம் பண்ணுவதா என்று எண்ணி, “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்று வாங்கி வந்தேன். மேலும், அவன் பிடரித் தோலுக்கடியில் கால்நடை மருத்துவர் ஏற்றிய சிப் ஒன்று இருக்கிறதே, அவன் எங்கே போனாலும் அது அறிந்துகொள்ளும் என்றும் நம்பியிருந்தேன். எங்கும் நிறைந்து எல்லாம் அறிவது ஒருவருக்கே உரிய தன்மை. அதை ஒரு சிப்புக்குக் கொடுத்தது என் பிழை.

ஒரு நாள் மாலை, குழாய் பார்க்க வந்தவர் பின்கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உணவுத் தட்டை வைத்துவிட்டு அழைத்தேன், வரவில்லை. கட்டிலுக்கடியிலும் மாடிப்படியிலும் பார்த்தேன், இல்லை. குடையையும் அவனுடைய வாரையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, “நட்பே! நட்பே!” என்று அழைத்துக்கொண்டே நடந்தேன்.

காய்கறிக் கடைக்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, “என்னம்மா, இந்த வயசுல ஃப்ரெண்டோட சண்டையா? ஒரு போன் போட்டுச் சமாதானமாப் போங்க. இப்படித் தெருத்தெருவாக் கூப்பிட்டா எந்த ஃப்ரெண்டு வருவாங்க?” என்றார். “நாய், அம்மா” என்றேன். “அவ்வளவு கோவமா!” என்றார். நான் என் தோழியைத் திட்டுவதாக நினைத்துவிட்டார். விளங்கியபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், அடுத்த கணமே கடையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு தேட வந்தார். இருட்டும் வரை இருவரும் “நட்பே” என்று அழைத்தோம். இப்பகுதியில் எங்களை அறியாதவர் இப்போது ஒருவருமில்லை.

அன்று இரவு நீங்கள் அழைத்து, வழக்கம்போல் முதற்கேள்வியாக, “என்ன பண்றான் என் பையன்?” என்றீர்கள். “உலாத்தப் போயிருக்கான்” என்றேன். சொல் பிசகவில்லை, குரல் பிசகியது. “சளியா?” என்றீர்கள். ஆமென்றேன். நீங்கள் என்னிடம் விட்டுச் சென்றவற்றுள் உயிருள்ளது அவன் ஒருவனே. அவனைத் தொலைத்துவிட்டு, விமான நிலையத்தில் உங்கள் முன் எந்த முகத்தோடு நிற்பேன் என்ற நினைவில் உணவு இறங்கவில்லை.

மறுநாள், பழைய வீட்டைத் தேடிப் போயிருப்பானோ என்று பேருந்தேறிப் பாலம் கடந்தேன். அங்கே இப்போது குடியிருப்பவர்கள் அன்போடு உட்காரச் சொன்னார்கள். நாய் எதுவும் வரவில்லை என்றார்கள். திரும்பும் வழியில் பாலத்தருகே இருக்கும் பெரிய ஆலயத்துள் நுழைந்தேன். வழிபடச் சென்றேன் என்று எழுதத்தான் ஆசை, உண்மையில் முறையிடச் சென்றேன். ‘உம்முடையவன் என்று ஊரறிய எழுதி மாட்டினேனே, காத்தீரா?’ என்று நெஞ்சுக்குள் வழக்காடினேன். வழக்கு முடியவில்லை, பின்புறத் தோட்டத்திலிருந்து ஒரு குரைப்பு. உலகத்து நாய்களெல்லாம் ஒருசேரக் குரைத்தாலும் அந்தக் குரலை நான் பிரித்தறிவேன்.

பூச்செடிகளுக்கு நடுவே, புதிதாக விரித்த சாக்கின்மேல், ஒரு மடாதிபதியைப் போல் வீற்றிருந்தான் நம்மவன். பக்கத்தில் ஆலயக் காவலர் அவனுக்குப் பாலில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தார். ஓடிச்சென்று அணைத்துக்கொண்டேன். அவன் என் மூக்குக்கண்ணாடியை நக்கினான். “நட்பே, வா வீட்டுக்கு” என்று வாரை மாட்டப் போனபோது காவலர் குறுக்கே நின்றார்.

“எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க? பேக்கரிக்காரம்மா நேத்து ரோட்டுல பாத்து, கழுத்துல இருக்கறதப் படிச்சுட்டு, நேரா இங்க கொண்டாந்து விட்டாங்க. நீங்களே படிங்க, உரியவர் ஆண்டவர்னு போட்டிருக்கு. இவன் கோயில் ஆளு” என்றார்.

“அதை எழுதச் சொன்னதே நான்தான், ஐயா” என்றேன்.

“அப்ப நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. குடுத்தத ஆண்டவர்கிட்ட இருந்து திருப்பிக் கேக்கலாமா? பாத்தா விவரம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க” என்றார்.

அவர் குறும்புக்காகப் பேசவில்லை, காணாமற்போன ஓர் உயிரை முன்பின் அறியாதவள் கையில் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலையால்தான் பேசினார் என்பது புரிந்தது. “சிப் இருக்கு, ஐயா. அது சொல்லும்” என்றேன் வெற்றிக் களிப்போடு. மூவருமாக அதே தெருவிலிருந்த கால்நடை மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் ஒரு கருவியைப் பிடரிமேல் ஓட்டினார். எண் வந்தது. அந்த எண்ணுக்குரிய பதிவில் உங்கள் பெயர், பாலத்துக்கு அப்பாலிருந்த பழைய வீட்டு விலாசம், வீட்டோடு நாம் கைவிட்ட பழைய தொலைபேசி எண் ஆகியன இருந்தன. அவர் அழைத்துப் பார்த்தார். அப்படியோர் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது.

“அம்மா, சிப்புல இருக்கறது வெறும் நம்பர்தான். நாய் எங்க இருக்குன்னு அது யாருக்கும் சொல்லாது. வீடு மாறினா, போன் மாறினா நாமதான் சொல்லிப் பதிவ மாத்தணும். இல்லைன்னா அது காலி வீட்டுக் கதவத்தான் தட்டிக்கிட்டு இருக்கும்” என்றார் மருத்துவர். காவலரோ விரல்விட்டு எண்ணினார்: “பேரு ஆம்பளப் பேரு, வீடு வேற வீடு, நம்பரே இல்ல.” பேருந்துக்குச் சில்லறை மட்டும் எடுத்துக்கொண்டு, கைப்பையை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். நான் இன்னாரென்று காட்ட என்னிடம் ஒரு குடை மட்டுமே இருந்தது.

“வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா” என்றார் மருத்துவர். நெற்றியில் இளம்பிறை போன்ற வெண்கீற்றும், வலச்செவி நுனியில் மடிந்த தளிர் போன்ற வளைவும் என்று தொடங்கினேன். “அதான் எங்களுக்கும் தெரியுதே” என்றார் காவலர்.

அப்போதுதான் நினைவு வந்தது. நினைவு வந்ததும் முகம் சிவந்தது. நீங்கள் அவனுக்குப் பழக்கிய அந்த விளையாட்டு! விருந்தினர் முன் நீங்கள் அதை நடத்தும்போதெல்லாம் உள்ளறைக்குச் சென்றுவிடுபவள் நான். மருத்துவர், காவலர், பூனையோடு காத்திருந்த ஒரு குடும்பம், கிளிக்கூண்டோடு ஒரு முதியவர், இத்தனை பேர் முன்னிலையில், உங்களைப் போலவே இடுப்பில் கைவைத்து, இதுவரை நான் உச்சரித்தறியாத பெயரை உரக்கச் சொன்னேன்: “டேய் நட்டு! டைட்டு!”

உடனே அவன் நான்கு கால்களையும் விறைத்துக்கொண்டு, வால் நுனிகூட அசையாமல் இரும்பாக நின்றான். “லூசு!” என்றேன். எலும்பே இல்லாதவன்போல் வயிறு தரையில் பட விழுந்து, கால்களைப் பரப்பி, நாக்கைத் தொங்கவிட்டான்.

அறை முழுதும் கைதட்டியது. கிளிகூட “லூசு, லூசு” என்றது. காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூட்டிட்டுப் போங்கம்மா, ஆண்டவரே சாட்சி சொல்லிட்டாரு. ஆனா இன்னொரு தடவ, ஒரே ஒரு தடவ செய்யச் சொல்லுங்க” என்றார். மும்முறை செய்யச் சொன்னேன். நான்காவது முறை ஒருவரும் கேளாமல் நானாகவே சொன்னேன்.

மருத்துவர் அங்கேயே பதிவைத் திருத்தினார். என் பெயரையும் சேர்த்து, புது விலாசமும் கைபேசி எண்ணும் ஏற்றினார். என் எண் எனக்கே நினைவில்லாமல், மாடி வீட்டு நர்ஸ் பெண் வேலை செய்யும் மருத்துவமனைக்கு அவர் அழைத்துக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இருபுறமும் எழுதிய பெரிய தகடாகச் சாவிக்கடைக்காரரிடம் சொல்லிச் செய்தேன். “இந்தத் தடவ உரியவர் யாரும்மா?” என்று அவர் சிரிக்காமல் கேட்டார். நம் இருவர் பெயரையும் சொன்னேன். நாயின் பெயரை ‘நட்டு’ என்றே பொறிக்கச் சொன்னேன். காப்பது ஆண்டவர் தொழில்தான். விலாசம் கொடுப்பது நம் தொழில் என்று இப்போது தெளிந்திருக்கிறேன். காவலருக்கும் பேக்கரிக்காரம்மாவுக்கும் நீங்கள் தனித்தனியே இரண்டு வரி எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் முடியாமல் நிற்கிறது. நான் கிடைக்காவிட்டால் அழைக்க இரண்டாவது ஆள் ஒருவர் பதிவில் வேண்டுமாம். உங்கள் வெளிநாட்டு எண்ணைச் சொன்னேன். மருத்துவர் பேனாவை நிறுத்தி, “நாய் தொலைஞ்சா அவர் கடல் தாண்டித் தேட வருவாராம்மா?” என்றார். ஆகவே நர்ஸ் பெண்ணின் எண்ணைக் கொடுத்து, தற்காலிகம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். “தற்காலிகம்னா எது வரைக்கும்?” என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

உங்கள் துறைமுகத்துக் கிரேன்கள் அனைத்தும் ஒரு திருகாணியும் தளராமல் நெடுங்காலம் நிற்க வேண்டுமென்று இருவேளையும் வேண்டிக்கொள்கிறேன். பழுது பார்க்க அங்கே இனி ஒன்றும் இல்லை என்று அவர்களே உங்களுக்கு வழிவிடும் நாள் விரைந்து வரட்டும். இங்கே குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லா நலனும் உங்களைச் சூழ்ந்து காக்க,
உங்கள் வருகையை நோக்கியிருக்கும்
உங்களவள்